உண்டாட்டு என்றால் விருந்தா, குடியா?

கேள்வி:
கம்பராமாயணம் பாலகாண்டத்தை முதல் தடவையாக வரிசையாகப் படித்து வருகிறேன். பூக்கொய் படலம், நீர்விளையாட்டுப் படலம் முடிந்து உண்டாட்டுப் படலம் வந்ததும், மிதிலைக்குப் போகிற வழியில் தசரதன் சேனைக்குப் பெரிய சாப்பாடு நடக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். உள்ளே போனால் சோற்றுப் பேச்சையே காணோம், நிலவொளியில் மது குடிக்கிறார்கள், ஊடுகிறார்கள், கூடுகிறார்கள். ஒருத்தி மதுக் கிண்ணத்துக்குள் தெரிகிற தன் முகத்தையே பார்த்து, மதுவுக்கு ஆசைப்பட்டு நிலாவே விழுந்துவிட்டது என்று நினைத்து அதோடு பேரம் பேசுகிறாள்! அப்படியானால் உண்டாட்டு என்பது குடிதானா? நான் எழுதும் சரித்திரக் கதையில் வீரர்கள் குடித்து ஆடுகிற இரவு ஒன்று வருகிறது. அங்கே இதைப் போடலாமா, களியாட்டம் என்றே விட்டுவிடட்டுமா?

பதில் 1:
குடிதான். உண்பது சோறு, குடிப்பது தண்ணீர் என்று நாம் இப்போது பிரித்துப் பேசுகிறோம், பழைய தமிழில் உண் என்பதற்குள் இரண்டும் அடக்கம். குறளின் 93ஆம் அதிகாரத்துக்குப் பெயரே கள்ளுண்ணாமை. உண்டு ஆடுவது உண்டாட்டு, அவ்வளவுதான்.

பதில் 2:
அவ்வளவுதான் என்று விட மனசு வரவில்லை. இது கம்பருக்கு மிகவும் முந்திய சொல். பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணைக்குத் தொல்காப்பியம் சொல்லும் துறைகளில், அதாவது பாடுபொருள்களில், பாதீடு, உண்டாட்டு, கொடை மூன்றும் இதே வரிசையில் வருகின்றன. கவர்ந்து வந்த ஆநிரையைப் பங்கு போடுவது, சேர்ந்து குடிப்பது, அப்புறம் கேட்டவருக்குக் கொடுப்பது. புறநானூறு 262ஐ ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். நறவை, அதாவது கள்ளைப் பிழியுங்கள், கிடாயை வெட்டுங்கள், தழை வேய்ந்த பந்தலில் ஆற்று மணலைப் பரப்புங்கள் என்று ஒரு குரல் அவசரப்படுத்துகிறது. திரும்பும்போது தலைவன் பின்னால் நின்று நிரையைக் காத்து வருகிறான், ஆனால் அவனைவிடக் களைத்துப் போனவர்கள் கூட வருபவர்கள். அவர்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். பிற்காலத்தில் குடியோடு ஒட்டிக்கொண்ட வசை இந்தச் சொல்லில் துளியும் இல்லை, எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான்.

ஒன்றைக் கவனியுங்கள், இலக்கணப்படி இது நிரை கவர்ந்து வந்தவர்களின் குடி. பெரும்போர் முடிந்த இரவு என்றால் பொருந்தாது.

பதில் 3:
களியாட்டத்தை அவ்வளவு லேசாகத் தள்ள வேண்டாம். களி என்றாலே குடிமயக்கம் உண்டு. 923ஆம் குறள், பெற்றவள் முன்னால்கூடத் துன்பம் தருகிற களி சான்றோர் முன்னால் என்ன ஆகும் என்று கேட்கிறது. அதே வள்ளுவர் 1281இல், நினைத்தாலே களிப்பும் பார்த்தாலே மகிழ்ச்சியும் தருவது கள் இல்லை, காமம்தான் என்கிறார். மகிழ் என்ற சொல்லும் இப்படித்தான். புறம் 123இல் கபிலர், காலையிலேயே கள் குடித்து மகிழ்ந்திருக்கும்போது தேரைக் கொடுப்பது யாருக்கும் எளிது, குறுநில மன்னன் மலையன் 'மகிழாது ஈத்த' தேர்களோ முள்ளூர் மலையில் விழும் மழைத்துளியைவிட அதிகம் என்கிறார். இன்றைய கண்ணோடு படித்தால் சந்தோஷம் இல்லாமல் கொடுத்தான் என்று தலைகீழாகிவிடும், போதையில் இல்லாமல் தெளிவோடு கொடுத்தான் என்பதுதான் பொருள். இன்று களியாட்டம் என்றால் வாசகருக்கு ஒழுங்கு கெட்ட கூத்துதான் தோன்றும், உங்கள் வீரர்கள் அப்படித்தானா என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. என் வீரர்கள் மாடு பிடித்து வருபவர்கள்தான், கேள்வியில் அதைச் சொல்லவில்லை. பங்கு பிரிக்கிற இடத்தைக் குடிக்குப் பின்னால் வைத்திருந்தேன், அதை முன்னால் கொண்டுபோய்விட்டு உண்டாட்டு என்றே எழுதப் போகிறேன். அந்த மணல் பரப்புகிற வேலையையும் ஒரு கிழவர் கையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.