நாள்பட்ட வலியால் முகக்குறிப்பு பிடிபடவில்லை, அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். 3 மாதத்தைத் தாண்டினாலே நாள்பட்ட வலி என்பார்கள். என் இடுப்பு வலிக்கு 4 வயது. நேற்று மகள் மதிப்பெண் அட்டையை நீட்டிச் சிரித்தாளாம். என் கண்ணில் பட்டது வெயிலுக்குச் சுருங்கிய புருவம் மட்டுமே. "ஏன் முறைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன். குழந்தை வாடிவிட்டாள்.

நம் கவனம் எதன் மீது போகிறது என்று அளக்க 1986இல் சொற்களை வைத்துத் தொடங்கிய புள்ளிச் சோதனையை, வலி உள்ளவர்களிடம் முகப்படங்களைக் கொண்டும் செய்கிறார்கள். திரையில் இரு முகங்கள் அரை வினாடி தோன்றி மறையும். அவற்றில் ஒரு முகம் இருந்த இடத்தில் புள்ளி வரும். பொத்தானை அழுத்தும் வேகம், கவனம் எந்த முகத்தில் இருந்தது என்று காட்டிக்கொடுக்கும். (என் மகளுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை!)

உங்களுக்கும் இப்படி நேர்ந்ததா? வலியா, தூக்கமின்மையா, மந்தமாக்கும் நரம்பு மாத்திரையா? இதை வலி மருத்துவரிடம் கேட்பதா, மனநல மருத்துவரிடமா? வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?