புதுப்பிப்பு: சத்தமில்லாத கேசிங் வாங்கியாச்சு

படுக்கையறையில் வைக்க, இரையாத, உறுதியாகக் கட்டிய டெஸ்க்டாப் கேசிங் (கம்ப்யூட்டர் பாகங்களை மாட்டும் வெளிப்பெட்டி) எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப் பேர் முன்பக்கம் வலை வைத்ததை வாங்கு என்றீர்கள், மீதிப் பேர் ஒலி அடக்கும் தகடு வைத்ததை. கடைசியில் நான் வாங்கியது தகடு வைத்த வகை: ஃபிராக்டல் டிசைன் நிறுவனத்தின் டிஃபைன் 7, பக்கத்தில் கண்ணாடி இல்லாதது. சிங்கப்பூரின் கம்ப்யூட்டர் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரிலிருந்து எம்ஆர்டி ரயிலில் தூக்கி வரலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வெறும் பெட்டியே 13 கிலோ வரும். டாக்சி பிடியுங்கள்.

பக்கத் தகடைத் தட்டினால் 'டங்' என்று அதிராமல் 'தொப்' என்று அமுங்குகிறது. ஹார்ட் டிஸ்க் தட்டிலும் ரப்பர் வளையங்கள் இருப்பதால் அதன் ரீங்காரம் மேசைக்கு இறங்கவில்லை.

ஆனால் நம்மூர்ப் புழுக்கம் இருக்கிறதே! இந்தக் கேசிங்குடன் இரண்டு மேல்மூடிகள் வருகின்றன: ஒன்று அடைப்பு, ஒன்று துளையுள்ளது. ஏர்கான் போடாத மதியத்தில் அடைப்பு மூடியோடு கேம் ஓடினால் சூடு தேங்கி, ஃபேன்கள் வேகமெடுத்து, அடக்கிய சத்தமெல்லாம் திரும்பி வந்துவிடுகிறது. துளை மூடியே இங்கே சரி.

அப்புறம், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) ஃபேன் வேகம் சில விநாடி தாமதித்து ஏறும்படி வைக்கச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. பிரௌசர் திறக்கும்போதெல்லாம் உறுமுவது நின்றுவிட்டது. புதுசு வாங்கும் முன் இதை மட்டும் செய்து பாருங்கள், ஒரு காசு செலவில்லை.

கலர் விளக்கு உண்டா என்று கேட்ட தம்பிக்கு: கிடையாது.