ஊருக்காக ஆன்லைனில் பணம் திரட்டியிருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடைமடைக்காரன்:

நானே தொடங்குகிறேன். எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். அந்தக் கால்வாயை நாங்கள் புது ஆறு என்போம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தென்னந்தோப்புகள் சாய்ந்துவிட்டன. முதல் சில வாரம் அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி என்று எங்கெங்கிருந்தோ வந்து கொடுத்தார்கள். அவர்களை எங்கள் ஊர் மறக்காது. அப்புறம் லாரிகள் வருவது நின்றது. புதிதாகத் தென்னங்கன்று வைக்கத் தண்ணீர் வேண்டும். குளமோ தூர்ந்துபோய்ச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஊர்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்த ஏழு பேர் கூடி, அனுமதி வாங்கித் தூர்வாருவது என்று முடிவெடுத்தோம்.

ஒரு நிதி திரட்டும் தளத்தில் பக்கம் திறந்தோம். படங்கள் போட்டு, உருக்கமாக எழுதி, தெரிந்த வாட்ஸப் குழுக்களில் எல்லாம் லிங்க்கை அனுப்பினோம். இரண்டு வாரத்தில் பதினோரு பேர் கொடுத்தார்கள். அதில் ஏழு பேர் நாங்களே.

எங்களில் ஒருத்தி, இப்போது சென்னையில் வேலை பார்ப்பவள், லிங்க் அனுப்புவதை விட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தாள். ‘நிதி தாருங்கள்’ என்று அவள் கேட்கவில்லை. மண் அள்ளும் இயந்திரத்தை எங்கள் ஊரில் ஹிட்டாச்சி என்போம். "அண்ணே, நம்ம குளத்துல ஹிட்டாச்சி ஒரு மணி நேரம் ஓட 1,800 ரூபா ஆகுது. ஒரு மணி நேரத்தை உங்க பேர்ல எழுதிக்கட்டுமா?" என்று கேட்டாள். அதுதான் வழியைத் திறந்தது. தான் கொடுத்த காசில் எத்தனை நடை மண் வெளியே போகும் என்று கொடுப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது. துபாயில் லாரி ஓட்டும் எங்கள் ஊர்த் தம்பி மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

தினமும் சாயங்காலம் குளத்தின் படம், அன்று வண்டி ஓடிய நேரம், யார் யார் பேரில் ஓடியது, வரவு, செலவு, கையிருப்பு எல்லாவற்றையும் போட்டோம். டிரைவருக்கு வாங்கிய டீ உட்பட. ஒருநாள், "இன்று 8 மணி நேரம் ஓடியது. நாளைக்கு 3 மணி நேரத்துக்குத்தான் பணம் இருக்கிறது" என்று எழுதினோம். அன்றிரவு வந்ததுபோல் வேறு எந்த நாளும் பணம் வரவில்லை. தொடங்காத வேலைக்குத் தயங்கியவர்கள், பாதியில் நிற்கப்போகும் வேலைக்கு மனசு கேட்காமல் கொடுத்தார்கள்.

நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு ஆத்தா 200 ரூபாய் நோட்டைக் கொண்டுவந்து, "இதையும் அந்தப் போன்ல போட்டுடு தம்பி, என் பேரும் வரட்டும். திருப்பூர்ல இருக்குற பேரன் பாப்பான்" என்றது. 200 ரூபாய்க்கு ஏழு நிமிடம்கூட வராது. ஆனால் அன்றைய பட்டியலில் முதல் பேர் அதுதான். பேரன் அன்றே கூப்பிட்டு இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டான்.

நான் செய்த பெரிய தப்பு கணக்கு விஷயத்தில். எல்லாப் பணத்தையும் என் சொந்த சேமிப்புக் கணக்கில் யூபிஐ வழியாக வாங்கினேன். 500, 1,000 என்று முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களிடமிருந்து வரவு வந்ததும் வங்கி சந்தேகப்பட்டுக் கணக்கை நிறுத்திவைத்தது. மூன்று நாள் வண்டி சும்மா நின்றது. கணக்கு நோட்டு, ரசீது, அனுமதிக் கடிதம் எல்லாம் காட்டிய பிறகே விட்டார்கள். வங்கிமேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் கேட்டது நியாயம். அதன்பின் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்து, இருவர் கையெழுத்தில் கணக்குத் திறந்தோம். அந்தச் சட்டத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், நாங்கள் சரியாக ஏழு பேர். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

மதுரை அக்கா:

தம்பி, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என் அனுபவம் வேறு மாதிரி. தங்கை மகனுக்கு அறுவை சிகிச்சை, அவசரம். ஒரு தளத்தில் பக்கம் தொடங்கினோம். நான்காம் நாளே பிள்ளையின் படத்தை எடுத்து, வேறு க்யூஆர் கோட் ஒட்டி, யாரோ பரப்பினார்கள். எவ்வளவு பணம் அங்கே போனதோ! போலீஸில் எழுதிக் கொடுத்தோம். அதன்பின் எல்லோரிடமும், மருத்துவமனையின் கணக்குக்கே நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பச் சொன்னோம். அங்கே கேட்டால் உண்மையா என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பணம் கட்டும் பக்கத்தில் தளத்துக்கென்று ஒரு தொகை ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. என் சித்தி 5,000 அனுப்பினார், கூடுதலாகப் போனதை அப்புறம்தான் கவனித்தார். வயதானவர்களுக்கு அதை எப்படி எடுப்பது என்று முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். பிள்ளை நன்றாக இருக்கிறான், இப்போது ஆறாம் வகுப்பு.

சிங்கை வாசி:

நான் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிப் பல வருடம் ஆகிறது. நான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் குழு கழிப்பறை கட்டப் பணம் திரட்டியது. நானும் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றார்கள். அன்று ரொம்ப வலித்தது. அப்புறம் ஒரு ஆடிட்டர் நண்பர் விளக்கினார்: வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர் தருவது, அவர் தமிழரே ஆனாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நிதிதான். அதை வாங்க அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுதில்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்குத்தான் போக வேண்டும். என் அறை நண்பன் இந்தியப் பாஸ்போர்ட்டில் இங்கே வேலை செய்கிறான். அவன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கலாம், கொடுத்தான். கடைமடைக்காரன், துபாய்த் தம்பியிடம் நீங்கள் வாங்கியதும் அப்படித்தான் இருக்கும். சின்னக் குழுக்கள் இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது. நான் அந்தக் குழுவுக்குக் கணக்குத்தாள் எழுதிக் கொடுக்கிறேன், இன்றுவரை.

மதுரை அக்கா:

தம்பி, ஒரு கேள்வி. மிச்சப் பணம் இருந்ததா? அதை என்ன செய்தீர்கள்?

கடைமடைக்காரன்:

சிங்கை அண்ணன் சொன்னது சரி, துபாய்த் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்தான்.

அக்கா, 6,400 ரூபாய் மிஞ்சியது. கொடுத்தவர்களிடமே கேட்டோம். கரையில் மரம் வையுங்கள் என்றுதான் அதிகம் பேர் சொன்னார்கள். பனை விதை எங்கள் ஊரிலேயே கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்து ஊன்றினார்கள். பணம் அவர்களுக்குச் சாப்பாட்டுக்கும், ஆடு கடிக்காமல் முள்வேலி போடவும் ஆனது. அந்த வருடம் ஆகஸ்டில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். புது ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு வந்து சேரக் கொஞ்ச நாள் ஆகும். வந்த அன்று அந்த ஆத்தாதான் முதலில் போய் நின்று பார்த்தது.