முள்ளமீபாவா, அகாந்தமீபாவா? கையேட்டுக்கு ஒரு நோய்ப்பெயர் தேவை

அன்புடையீர்,
கான்டாக்ட் லென்ஸ் அணியும் கல்லூரி மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவுவது, லென்ஸோடு குளிப்பது, நீந்துவது ஆகியவற்றால் வரும் அகாந்தமீபா கெராடிடிஸுக்கு (அகாந்தமீபா என்ற ஒருசெல் உயிரியால் கண்ணின் கார்னியாவில் வரும் அழற்சி) தமிழ்ப்பெயர் வேண்டும். 'ஒட்டுண்ணிக் கருவிழி அழற்சி' சரிவருமா?

*

> ஒட்டுண்ணிக் கருவிழி அழற்சி

ஒட்டுண்ணி என்றதும் தோலில் ஒட்டும் உண்ணிதான் நினைவுக்கு வரும். கிரேக்கத்தில் அகாந்தா என்றால் முள். இந்த அமீபாவின் உடலிலும் முள் போன்ற நீட்சிகள் உண்டு. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்: முள்ளமீபா. முள், முளை, முனை எல்லாம் வெளியே நீள்வதைக் குறிக்கும் ஒரே குடும்பம் என்பது என் துணிபு.

'கருவிழி'யையும் ஏற்கமாட்டேன். கார்னியா கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் ஒளிபுகும் படலம். கருமை அதன் பின்னால் இருக்கும் ஐரிஸுடையது. பாடநூலின் 'விழிவெண்படலமும்' பொருந்தாது, அதில் வெண்மையே இல்லை. 'விழிமுன்படலம்' என்போம்.

*

ஐயா, கண் மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். முள்ளோ வைக்கோலோ குத்திய கண்ணில் பூஞ்சைத் தொற்று வருவதுண்டு. அதனால் 'கண்ணில் ஏதாவது குத்தியதா?' என்று முதலிலேயே கேட்போம். முள்ளமீபா என்று படிக்கும் பிள்ளை, 'எனக்குத்தான் எதுவும் குத்தவில்லையே' என்று இருந்துவிடும். இந்த நோயில் தாமதம் பார்வையையே பறிக்கும். தொடக்கத்தில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்று என்று தவறாகக் கணிக்கப்படுவதும் உண்டு. கண்ணில் தெரியும் சிவப்புக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி, ஒளிக்கூச்சம்: இவற்றைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். அமீபா இரட்டைச் சுவர்க் கூட்டுக்குள் அடங்கிவிட்டால் குழாய்நீரின் குளோரின் அதை ஒன்றும் செய்யாது. மருந்துக்கும் எளிதில் மசியாது. மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். (அந்தக் கூட்டுக்கு ஆங்கிலத்தில் சிஸ்ட் என்று பெயர் என்பதற்காக 'நீர்க்கட்டி' என்று எழுதிவிடாதீர்கள்.)

ஒட்டுண்ணி வேண்டாம் என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன், காரணம் வேறு. இது நீரிலும் மண்ணிலும் தன்பாட்டில் வாழும் உயிரி. பிழைக்க ஓம்புயிர், அதாவது ஒட்டி வாழ இன்னோர் உயிர், தேவையில்லை. கருவிழி மட்டும் இருக்கட்டும். வலிக்கும் இடத்தை நோயாளி அப்படித்தான் சொல்வார்.

*

> எனக்குத்தான் எதுவும் குத்தவில்லையே

முள்ளெலி என்கிறோம். எலிக்கு முள் குத்தியதாக யாராவது நினைக்கிறோமா, அம்மா?

*

முள்ளெலியைப் படத்திலாவது எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் ஐயா. இந்த அமீபாவை நுண்நோக்கியில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? உயிரியல் வகுப்பெடுக்கிறேன், 'அமீபா' என்றால் மாணவர்களுக்குத் தெரியும், அது போதும். மருத்துவமனைச் சீட்டில் அகாந்தமீபா என்றுதான் எழுதப் போகிறார்கள். கையேட்டுப் பெயரும் அதுவாக இருந்தால் தேடிப் படிக்க வசதி.

*

அனைவருக்கும் நன்றி. தலைப்பு 'அகாந்தமீபா கருவிழி அழற்சி'. 'முள்ளமீபா' உள்ளே ஒரு முறை, விளக்கத்தோடு வரும். 'தண்ணீர் படக்கூடாது' என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போட்டுவிட்டேன்.

*

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் நிறமற்ற படலத்தைக் கருமை என்று அச்சிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மறுபதிப்பின்போது மீண்டும் எழுப்புவேன். இளைஞரின் விழித்திரையைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒருசெல் உயிரியும் கையேட்டில் வருமா? டாக்சோன் கிரேக்கத்தில் வில். 'வில்லுயிரி' எப்படி?