'நொதியம் குறைவு' என்று ரிப்போர்ட் வந்தவர்களுக்கு எங்கள் அனுபவம்

தலவாக்கலை அப்பா:

ஹட்டன் தங்கச்சி, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்துதான் உங்கள் பதிவைப் படித்தேன். மகளுக்கு நொதியம் (உடம்பில் ஒன்றை உடைத்து மாற்றுகிற என்சைம்) குறைவு என்று தாள் வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். ஒரு நொதியத்துக்கு மட்டும் அளவு போட்டிருக்கிறதா, கீழே இன்னொன்றும் இருக்கிறதா?

என் மூத்தவனுக்கு அப்போது நாலு வயது. கையைத் தலைக்கு மேல் தூக்க மாட்டான், சட்டை போட்டுவிடுவதே பெரும்பாடு. விரல்கள் மடங்கியே இருக்கும். ரொட்டியைப் பிய்க்க வராது, உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக் கடிப்பான். புத்தியில் ஒரு குறையும் இல்லை, தோட்டத்து லயன் வீடுகளில் எல்லார் பெயரும் சொல்வான். வளர்த்திதான் நின்றுவிட்டது. சிறுநீர் பார்த்த டாக்டர், உடம்பு உடைக்க வேண்டிய ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி உடையாமல் தேங்குகிறது என்றார். இதில் பல வகை உண்டாம். எந்த வகை என்று சிறுநீர் உறுதியாகச் சொல்லாது, எந்த நொதியம் வேலை செய்யவில்லை என்று இரத்தத்தில்தான் அளக்க வேண்டும் என்றார்.

விரல் நுனியில் குத்தி, தடித்த வடிதாள் அட்டையில் சொட்டு சொட்டாக எடுத்தார்கள். அது ஆடி மாதம். மூட்டம் கதவுக்குள் வந்து நிற்கும் நேரம், துவைத்த துணியே மூன்று நாளாகக் காயாது. அட்டை தொட்டால் ஈரமாக இருந்தது. அவசரத்தில் அப்படியே பொலித்தீன் பையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். எனக்கு என்ன தெரியும், பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மூன்று வாரம் கழித்து 'குறைவு' என்று வந்தது. வீட்டில் செத்த வீடு மாதிரி. அத்தை மகளைக் கட்டியதால்தான் என்று என் அம்மாவே என் மனைவியைப் பேசினார். கிளினிக்கில் வேறொரு டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "கீழே இருக்கிற மற்ற நொதியமும் குறைஞ்சிருக்கே, பழுதானது பிள்ளையில்லை, அட்டை" என்றார். அந்த இரண்டாவது வரியை அதுவரை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

நான் தேயிலை ஃபெக்டரியில் வேலை. உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைத்தால் பச்சை செம்பு நிறமாகும். அதைச் செய்வது இலையில் இருக்கிற நொதியம். ட்ரையர் சூட்டில் அது செத்துவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் வைத்தாலும் நிறம் ஏறாது. இரத்தத்தில் உள்ளதும் அதே சாதிதான் என்று அன்றைக்குப் புரிந்தது. சூடும் ஈரமும் பட்டால் போச்சு.

இரண்டாவது தடவை ராத்திரி பஸ்ஸில் கொழும்புக்கே போய்விட்டோம். பச்சை மூடிக் குழாயில் இரத்தம் எடுத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தார்கள். இந்த முறை ஒன்று மட்டும் அடியோடு இல்லை, மற்றது சரியாக இருந்தது. சர்க்கரைச் சங்கிலி தேங்கும் வகைகளில் ஒன்றான மரோட்டோ-லாமி நோய் என்றார்கள். அழுதோம்தான். ஆனால் அது உண்மையான அழுகை, தெரிந்த பெயருக்காக.

பேராதனைப் பக்கத்து எம்.எல்.டி (ஆய்வுகூடத்தில் பரிசோதனை செய்பவர்):

அண்ணன் சொன்ன தேயிலைக் கதை அப்படியே பொருந்தும். வெண்குருதிக் கலங்களை உடைத்து, நைட்ரோகெட்டகோல் சல்பேற்று என்ற பொருளோடு 37 பாகையில் வைப்போம். நொதியம் இருந்தால் சல்பேற்றை வெட்டிவிடும், பிறகு காரம் சேர்த்ததும் சிவக்கும். அந்தச் சிவப்பை 515 நானோமீற்றரில் அளந்து, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். மரோட்டோ-லாமிக்கு இரண்டாவதாக இன்னொரு சல்பற்றேசையும் (இப்படிச் சல்பேற்றை வெட்டும் நொதியம்) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லாச் சல்பற்றேசும் ஒன்றாக விழுகிற அரிய நோய் ஒன்று உண்டு, அதற்கு வழி வேறு.

அட்டை என்றால் மட்டமாக வைத்து 3, 4 மணித்தியாலம் அறைக்குள்ளேயே காய வேண்டும். வெயிலில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் வேண்டாம். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பை. குழாய் இரத்தத்தைக் குளிரில் கட்டியாக உறைய விடவே கூடாது, ஐஸ் கட்டியில் நேரே படாமல் கொண்டுபோக வேண்டும். உங்கள் ஊர் மூட்டத்தில் காய அதிக நேரம் எடுக்கும், பொறுங்கள்.

தலவாக்கலை அப்பா:

நன்றி தம்பி. தங்கச்சிக்கு இன்னொன்று. என் மனைவிக்கும் எனக்கும் அளந்தார்கள், இரண்டு பேருக்கும் சாதாரண அளவில் பாதிக்குப் பக்கம். பாதி என்றால் நோய் இல்லை, சுமப்பவர்கள். சுமப்பவர்களுடைய அளவு சில நேரம் நல்லவர்கள் அளவோடு கலந்துவிடும் என்பதால் பரம்பரை அலகுப் பரிசோதனையும் செய்தார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று வாய்ப்பு, இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் பிள்ளைக்கு நோய். அம்மாவை உட்கார வைத்து இதைச் சொன்னேன். அன்றிலிருந்து மனைவியைப் பேசவில்லை.

வகை சரியாகத் தெரிவது ஏன் முக்கியம் என்றால், வாரா வாரம் நரம்பில் ஏற்றும் நொதிய மருந்து வகைக்கு வகை வேறு. மரோட்டோ-லாமிக்கு 2005இல் வந்தது. அந்த மருந்து கேட்டு நாங்கள் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஹட்டன் அம்மா:

அண்ணே, தாளை எடுத்துப் பார்த்தேன். கீழே இன்னொரு வரி இருக்கிறது. அதுவும் குறைவு என்றுதான் போட்டிருக்கிறது. அட்டை எடுத்த அன்றைக்கு இங்கே காலையிலிருந்து மழை. புதன்கிழமை கிளினிக், தாளோடு போகிறேன்.