மறுமொழி: ஜூமுக்குத் தமிழ் – இழுப்பது வேறு, செதுக்குவது வேறு

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு படக்கருவியின் பயன்பாட்டுக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மின்கலம் போடுவது, நினைவட்டையைச் செருகுவது, மொழி, தேதி, நேரம் அமைப்பது என்று முதல் சில பக்கங்கள் தடங்கல் இல்லாமல் ஓடின. ஜூம் வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

கையேட்டில் இரண்டு ஜூம் இருக்கிறது: ஆப்டிகல், டிஜிட்டல். முதலில் 'ஒளியியல் உருப்பெருக்கம்', 'எண்ணிம உருப்பெருக்கம்' என்று போட்டுவைத்தேன். நாலு பக்கம் தள்ளி, பூவையும் பூச்சியையும் நெருங்கி எடுக்கும் மேக்ரோ பகுதியில் 'மேக்னிஃபிகேஷன்' வந்தது. அதற்கும் உருப்பெருக்கம்தானே? இப்போது ஒரே கையேட்டில் மூன்று உருப்பெருக்கம். படிப்பவர் என்னைத் திட்டுவார்.

இன்னொரு சிக்கல். திரைப் பட்டியலில் இடம் குறைவு. பொத்தானுக்குப் பக்கத்தில் நாலைந்து எழுத்துதான் கொள்ளும். சொல் சரியாகவும் இருக்க வேண்டும், குட்டையாகவும் இருக்க வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

அன்புடன்,
கையேட்டில் மாட்டிக்கொண்டவள்

* * *

அன்புள்ள அம்மா,

ஜூமுக்கு உருப்பெருக்கம் வேண்டாம். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. பொருளின் அளவுக்கும், உணரியின் (படத்தைப் பதியும் சென்சார்) மேல் விழும் அதன் பிம்பத்தின் அளவுக்கும் உள்ள விகிதம் உருப்பெருக்கம். 10 மி.மீ. நீள வண்டு உணரியிலும் 10 மி.மீ. நீளத்துக்கு விழுந்தால் உருப்பெருக்கம் 1. மேக்ரோ பக்கத்தில் அது அப்படியே இருக்கட்டும்.

ஜூமின் '10 மடங்கு' என்பது வேறு கணக்கு. வில்லையின் (லென்ஸ்) மிக நீண்ட குவியத் தூரத்தை (ஃபோகல் லெங்த், இது நீள நீளக் காட்சி பெரிதாகத் தெரியும்) மிகக் குறுகியதால் வகுத்தால் வருவது. 24–240 மி.மீ. வில்லைக்கு 10 மடங்கு. 28–280க்கும் 10தான். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை, ஒரே இடத்தில் முடிவதும் இல்லை. 70–200 வில்லைக்கு 3 மடங்குகூடத் தேறாது. ஆனால் 3 மடங்கு உள்ள 24–72ஐவிட அது எவ்வளவோ தொலைவில் இருப்பதைப் பிடிக்கும். கண்ணால் பார்ப்பதைவிடப் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. இதில் 'பெருக்கம்' என்ற சொல்லைக் கொண்டுவந்தால் அந்தக் குழப்பத்துக்கு நாமே எண்ணெய் ஊற்றியதாகும்.

ஆப்டிகல் ஜூமில் நடப்பது என்ன? உள்ளே கண்ணாடிகள் நகர்கின்றன, குவியத் தூரம் மாறுகிறது, பார்வைக் கோணம் சுருங்குகிறது. 36 மி.மீ. அகலப் படச் சட்டத்தில் (ஃபிரேம்) 24 மி.மீ. வில்லை கிடைமட்டமாகச் சுமார் 74 பாகையைப் பார்க்கும். 240 மி.மீ.யில் அது 9 பாகைக்கும் குறைவு. அந்தச் சிறு துண்டுக் காட்சி முழு உணரியின் மேலும் விரிந்து விழுகிறது. அதாவது உணரியின் எல்லாப் புள்ளிகளும் அதற்காக உழைக்கின்றன.

டிஜிட்டல் ஜூமில் வில்லை அசைவதே இல்லை. கருவி நடுப்பகுதியை வெட்டி எடுத்து, பழைய அளவுக்கு ஊதிக் காட்டுகிறது. 4608 × 3456 புள்ளி உள்ள உணரியில் 2 மடங்கு வைத்தால் மிஞ்சுவது 2304 × 1728. 16 மெகாபிக்சல் 4 ஆகிவிட்டது. 4 மடங்கு வைத்தால் 16இல் ஒரு பங்கு, அதாவது 1 மெகாபிக்சல். மற்றதெல்லாம் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நிரப்பும் ஊகம். இதே வேலையை வீட்டுக்கு வந்து கணினியில் நிதானமாகச் செய்யலாம். எதை வெட்டுவது என்று முடிவு செய்யும் உரிமையாவது நம் கையில் இருக்கும்.

வேலை இரண்டு, பெயர் மட்டும் ஒன்று. அது யாருக்கு வசதி? விற்பவருக்கு. 10ஐயும் 4ஐயும் பெருக்கி, பெட்டி மேல் 40 என்று கொட்டை எழுத்தில் போடலாம். அந்த 40ஐ நம்பி ஒரு கருவி வாங்கி நிலாவை எடுக்கப் போனவன் நான். 240 மி.மீ.யில் நிலா சட்டத்தின் உயரத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் வரும். டிஜிட்டல் ஜூமை முழுக்கத் தள்ளியதும் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நின்றது. பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் முன்பு தெரியாத ஒரு பள்ளம்கூடப் புதிதாகத் தெரியவில்லை. ஓரமெல்லாம் பிசிறு.

ஆகவே இரண்டுக்கும் பொதுவான ஒரு தலைச்சொல் தேடாதீர்கள். அங்கேதான் தவறே தொடங்குகிறது. என் பரிந்துரை:

ஆப்டிகல் ஜூமுக்குக் குவியமாற்றம். ஜூம் லென்ஸ் குவியமாற்று வில்லை, ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் ஒருகுவிய வில்லை. டிஜிட்டல் ஜூமுக்குச் செதுக்குப் பெருக்கம். படத்தை வெட்டிச் சுருக்குவதற்குச் 'செதுக்கு' என்ற சொல் மென்பொருள்களில் ஏற்கெனவே பழகிவிட்டது. செதுக்கிப் பிறகு பெருக்குகிறது என்று நடப்பதை நடந்தபடியே சொல்கிறது. டிஜிட்டலுக்கு எண்ணிமமா, இலக்கமுறையா என்ற பழைய சண்டைக்குள் போகாமலே தப்பிப்பது கூடுதல் லாபம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன்

* * *

> ஆப்டிகல் ஜூமுக்குக் குவியமாற்றம்.

ஐயா, செதுக்குப் பெருக்கத்துக்கு என் ஓட்டு. குவியமாற்றம் பாடநூலுக்குப் பொருந்தும். கையில் கருவியோடு நிற்பவன் பக்கத்தில் இருப்பவனிடம் "கொஞ்சம் குவியமாற்றம் செய்" என்று சொல்வானா? வாய் வலிக்காதா? ஜூம் இன், ஜூம் அவுட் இரண்டுக்கும் வினை வேண்டும். ஏவலாக நின்றால் இரண்டு மூன்று எழுத்தில் முடிய வேண்டும். அதுதான் அம்மா கேட்ட குட்டைச் சொல்.

அணுகு, அகல் என்ற இணை எப்படி? 691ஆம் குறளிலேயே 'அகலாது அணுகாது' என்று இரண்டும் கைகோத்து வருகின்றன. குளிர் காய்பவன் தீயிடம் நிற்கும் தூரம். படம் எடுப்பவன் தேடுவதும் அந்தச் சரியான தூரத்தைத்தானே?

இன்னொன்று. நான் எடுப்பதெல்லாம் கைப்பேசியில். என் கைப்பேசியின் பின்புறம் 1 மடங்குக்கு ஒரு வில்லை, 3 மடங்குக்கு ஒரு வில்லை. எதுவும் முன்னே பின்னே ஓடிக் குவியத் தூரத்தை மாற்றுவதில்லை. இரண்டு விரலால் 2.5 வரை விரித்தால் முதல் வில்லையின் படம் செதுக்கப்படுகிறது. 3ஐத் தொட்டதும் அடுத்த வில்லைக்குத் தாவுகிறது, நிறம்கூடச் சற்று மாறும். இதில் குவியமாற்றம் எங்கே இருக்கிறது?

கடைசியாக ஒரு குதர்க்கம். ஜூம் என்பதே ஒலிக்குறிப்பு. விமானிகள் வண்டியைச் செங்குத்தாக மேலே ஏற்றுவதைச் சொல்லப் பயன்படுத்தியது, பிறகு படக்கருவிக்கு வந்தது. விர்ரென்று, சர்ரென்று என்பதுபோல இதுவும் ஒலி. ஒலிக்கு எதற்கு மொழிபெயர்ப்பு? ஜூம் என்றே விட்டுவிட்டால் என்ன?

* * *

தம்பிக்கு,

குதர்க்கத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜூம் என்று பேசுகிறவரை யாரும் தடுக்கவில்லை, நானும் அப்படித்தான் பேசுகிறேன். இங்கே தொல்லை ஒலி இல்லை. இரண்டு வெவ்வேறு வேலைக்கு ஒரே ஒலி. ஜூம் என்றே விட்டால் பெட்டி மேல் உள்ள 40ம் கூடவே நிற்கும்.

'அகல்' அருமை. எனக்குத் தோன்றவில்லையே என்று இருக்கிறது. அகல் என்றால் விலகு, அகல் என்றால் விரி. ஜூம் அவுட் செய்யும்போது பொருள் விலகுகிறது, காட்சி விரிகிறது. ஒரே வினையில் இரண்டும் அடங்கிவிட்டன.

'அணுகு'தான் இடிக்கிறது. ஜூமில் யாரும் எதையும் அணுகுவதில்லை. ஒரே உயரமுள்ள இரண்டு கம்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களிடமிருந்து 2 மீட்டரில், மற்றது அதற்குப் பின்னால், உங்களிடமிருந்து 4 மீட்டரில். முன்கம்பம் பின்கம்பத்தைப் போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். நின்ற இடத்திலிருந்தே எவ்வளவு ஜூம் செய்தாலும் அந்த இரண்டுக்கு ஒன்று மாறாது. இரண்டும் சேர்ந்து வளரும், அவ்வளவுதான். இப்போது ஜூமைத் தொடாமல் 1 மீட்டர் முன்னே நடங்கள். முன்கம்பம் 1 மீட்டரில், பின்கம்பம் 3 மீட்டரில். விகிதம் மூன்றுக்கு ஒன்றாகிவிட்டது. முன்னது பூதமாகிறது, அதன் பக்கத்தில் பின்னது ஒடுங்கித் தெரிகிறது. முகத்தைக் கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரிவதும் இதனால்தான். நடந்து போவதுதான் அணுகுதல். கால் செய்யும் வேலையின் பெயரை வில்லைக்குக் கொடுத்துவிட்டால், பிறகு காலுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஒளிப்பதிவில் கருவியையே தள்ளிக்கொண்டு போவதும் உண்டு, ஜூமும் உண்டு. பார்ப்பவருக்கு இரண்டும் வேறு உணர்வு. அங்கே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இல்லாமல் முடியாது.

எனவே ஜூம் இன் செய்வதற்கு 'இழு'. நான் நிற்கும் இடத்திலேயே நிற்கிறேன், காட்சியை என் பக்கம் இழுக்கிறேன். பழைய வில்லைகள் சிலவற்றில் குழலை முன்னும் பின்னும் இழுத்தேதான் ஜூம் செய்ய வேண்டும். அவற்றைக் கையாண்டவர்களுக்கு இந்தச் சொல் விரலிலேயே இருக்கும்.

எழுதிப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அகல், இழு. முதலெழுத்து அ, இ. அந்த, இந்த. அகரம் சேய்மைச் சுட்டு, இகரம் அண்மைச் சுட்டு! கருவியில் டபிள்யூ, டீ என்று பொறித்திருக்கும் இடத்தில் அ, இ என்று போடலாம். டபிள்யூ என்றால் வைடு, டீ என்றால் டெலி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த குழந்தைகூட அங்கே, இங்கே என்று புரிந்துகொள்ளும். நான் திட்டமிட்டது இல்லை, தானாக விழுந்தது. தானாக விழுவதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம்.

கைப்பேசி பற்றிச் சொன்னது நியாயம். அங்கே குவியமாற்றம் என்று எழுதினால் பொய். ஒரு வில்லையிலிருந்து மறு வில்லைக்குப் போவது வில்லைத் தாவல். இடையில் நடப்பது செதுக்குப் பெருக்கம். விரலால் விரிப்பவருக்கு எல்லாமே இழு, அகல்தான். பயன்படுத்துபவரின் வினை ஒன்று, உள்ளே நடக்கும் வேலை மூன்று. வினைக்குப் பொதுச்சொல் இருக்கலாம், வேலைக்குக் கூடாது.

அன்புடன்,
ஆசிரியன்

* * *

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. இரவே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். பாருங்கள்:

"ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை 'இ' பக்கம் திருப்பினால் காட்சி இழுக்கப்படும். 'அ' பக்கம் திருப்பினால் அகலும். திரையில் தெரியும் பட்டையின் நடுவில் ஒரு கோடு இருக்கும். கோடு வரை குவியமாற்றம், கோட்டைத் தாண்டினால் செதுக்குப் பெருக்கம். படத்தின் தெளிவு குறையும். அது வேண்டாமெனில் பட்டியலில் 'செதுக்குப் பெருக்கம்' என்பதை நிறுத்தி வைக்கவும். காட்சியை இழுக்க இழுக்கக் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். 240 மி.மீ.யில் ஷட்டர் வேகம் வினாடியில் 240இல் ஒரு பங்கு அல்லது அதைவிட விரைவாக இருப்பது நல்லது. இயலாதபோது முக்காலியில் வைக்கவும்."

'படத்தின் தெளிவு குறையும்' என்பது மூலத்தில் சின்ன எழுத்தில் அடிக்குறிப்பாக இருந்தது. நான் மேலே ஏற்றிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாததுதான்.

இரண்டு இடம் இன்னும் உறுத்துகிறது. முதலாவது, பட அளவை 4 மெகாபிக்சலுக்குக் குறைத்து வைத்தால் 2 மடங்கு வரை தெளிவு இழக்காமல் ஜூம் செய்யலாம் என்று கையேடு சொல்கிறது. நடுவில் இருக்கும் 4 மெகாபிக்சலை அப்படியே எடுத்துக்கொள்வதால் ஊதிப் பெருக்க வேண்டிய தேவை இல்லை. அப்படியானால் அது செதுக்கல் மட்டும், பெருக்கம் இல்லை. அங்கே 'வெறுஞ்செதுக்கல்' என்று போடவா? காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது.

இரண்டாவது, கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் 'மின்கல மூடியை இழுத்துத் திறக்கவும்' என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு வருபவர், 'இழு' என்று கண்டதும் வில்லையைப் பிடித்து இழுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. பட்டியலில் 'இழு' என்று இருக்கட்டும், கையேட்டில் மட்டும் எல்லா இடத்திலும் 'காட்சியை' என்று முன்னால் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். மின்கல மூடியைத் 'தள்ளித் திறக்கவும்' என்று மாற்ற முடியாது. அது உண்மையிலேயே இழுத்தால்தான் திறக்கிறது.

திங்கட்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும். வெறுஞ்செதுக்கலுக்கு மாற்று இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.