'கிராஸ்' என்றால் புல் மட்டும் இல்லை, ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். லண்டனில் நடக்கும் ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்க்கிறேன், மூன்று வாரமாக ஒரே வரியில் நிற்கிறேன். அண்ணன் ஒரு கடையில் திருடியதைத் தம்பி போலீசில் சொல்லிவிடுகிறான், அம்மா அவனை 'கிராஸ்' என்று திட்டுகிறாள். பிரிட்டன் பேச்சுவழக்கில் அதற்குப் போலீசுக்குத் துப்புக் கொடுப்பவன் என்று பொருள்; 1970களில் கூட்டாளிகளை மொத்தமாகக் காட்டிக்கொடுத்தவர்களை அங்கே 'சூப்பர்கிராஸ்' என்றே சொன்னார்கள். செல்போன் மொழிபெயர்ப்போ 'நீ ஒரு புல்' என்கிறது, வீட்டில் இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

'ஆள்காட்டி' போட்டுப் பார்த்தேன், தாமிரபரணிக் கரை வயலில் கத்துகிற குருவிதான் கண்ணில் வருகிறது. 'உளவாளி' ரொம்பப் பெரிய உத்தியோகம். 'புல்லுருவி'யில் புல்லும் இருக்கிறது துரோகமும் இருக்கிறது, ஆனால் அது ஒட்டி உறிஞ்சுகிறவன்; இந்தப் பையன் யாரையும் உறிஞ்சவில்லை, ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னான், அவ்வளவுதான். சித்தியிடம் கேட்டேன், 'போட்டுக்குடுத்த பய' என்றார். சரிதான், ஆனால் கதை முடிவில் அவன் தனியாக உட்கார்ந்து புல் வெட்டுகிறான், அந்தச் சிலேடை போய்விடும்.

வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். நம்ம பக்கத்தில் ஒரு தாய் பெற்ற மகனைத் திட்டும்போது சட்டென்று வாயில் வருகிற, செடிகொடியோடும் ஒட்டுகிற, காட்டிக்கொடுப்பவன் என்று பொருள்படும் சொல் ஏதாவது இருக்கிறதா?